தரைக்குக் கேட்ட துடிப்பு

மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டால் யாரும் நம்மிடம் பேச வரமாட்டார்கள். நான் டிஜே ஆனதற்கு அதுதான் முதல் காரணம். பாட்டு இரண்டாவது.

வாரம் முழுக்க கணபதியில் ஒரு பம்பு சோதனைக்கூடத்தில் வேலை. ஓடுகிற பம்பின் மேல் உணர்கருவியை ஒட்டி, அதிர்வைப் படித்து, உள்ளே எந்த பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், சரவணம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் பொது ஹாலில் பாட்டுப் போடுவேன். மாலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அது சங்கத்தின் விதி.

என்னிடம் இருந்தது காலேஜ் நாளில் வாங்கிய சின்ன மிக்ஸர். ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர்களில் ஒன்று கரகரக்கும். கரகரப்பு வருமிடத்தில் ஒரு கைதட்டல் சத்தத்தைச் சேர்த்து மறைத்துவிடுவேன். அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை கூட்டம். தொழிலாகச் செய்கிற டிஜேவுக்கு ஒவ்வொரு வாரமும் புது ஆட்கள். ஒரே தொகுப்பை ஊர் ஊராகப் போட்டுவிட்டுப் போகலாம். எனக்கு எப்போதும் அதே முகங்கள். லிஃப்டில் பார்க்கிற அதே ஆட்கள்.

சங்கச் செயலாளர் லோகநாதன் அங்கிள் ஒருநாள் மேசைக்கே வந்துவிட்டார்.

"பிரதீபா, இந்தப் பாட்டு முடிஞ்சதும் ஒரு சைரன் சத்தம் வருமில்ல?"

"ஆமாங்க அங்கிள்."

"அதை மட்டும் மாத்தீராத. அது வந்தா நான் டீ குடிக்கப் போற நேரம்னு அர்த்தம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. அடுத்த சனிக்கிழமை காந்திபுரம் போனேன்.

கடைக்காரர் ஜாகிர் நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "நாலு சேனல் வேணாங்க. உங்களுக்கு இருக்கறது ரெண்டு கை. ரெண்டு சேனல் போதும். மேல சுத்தற தட்டு பெரிசா, கனமா இருக்கட்டும், கைய வெச்சா நடுங்கப்படாது. ஹெட்போன் காதை முழுசா மூடணும். அப்பத்தான் ஹால்ல ஒரு பாட்டு ஓடும்போது அடுத்ததை நீங்க மட்டும் கேட்டுப் பாக்கலாம். மிச்சத்த ஸ்பீக்கர்ல போடுங்க. மிக்ஸர யாரும் பாக்கறதில்லீங்க. ஸ்பீக்கரத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

"பாட்டு சலிச்சுப் போகுதுங்க," என்றேன். "எப்பவும் ஒரே கூட்டம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் சுருட்டிய ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்கப் பெரிய பாய் மாதிரி இருந்தது.

"இதத் தரையில விரிச்சுருங்க. மேல வெறுங்காலோட யார் நின்னாலும் அவுங்க இதயத் துடிப்பு இதுக்குக் கேக்கும். கேட்டு மிக்ஸருக்குச் சொல்லும்."

"ஆடறவங்க குதிப்பாங்களே. அந்த அதிர்வுல துடிப்பு எப்படிக் கேக்கும்?"

"குதிக்கறதக் கழிச்சுருமாமுங்க. நீங்க சயின்ஸா?"

தலையாட்டினேன்.

"அப்ப உங்களுக்கே புரியும். மனசு பாட்டுல இருந்தா துடிப்பு பாட்டு பின்னாலயே ஏறி இறங்குமாம். சலிச்சுட்டா அது பாட்டுக்குத் தனியா ஓடுமாம். கைதட்டுவாங்க, சிரிப்பாங்க, ஆனா இங்க தெரிஞ்சுரும்." மிக்ஸரின் திரையைக் காட்டினார். அவர் பாயின் மேல் நின்றார். ஒரு பச்சைப் புள்ளி துடித்தது. "ப்ரொஜெக்டர் வெச்சா சுவர்லயும் காட்டலாங்க. ஜனங்களுக்கு அது ஒரு விளையாட்டு."

மிக்ஸரையும் பாயையும் சேர்த்தே வாங்கிவிட்டேன்.

*

முதல் ஞாயிறு எனக்கு மறக்காது. ஹால் வாசலில் செருப்புகள் குவிந்தன. சுவரில் பச்சைப் புள்ளிகள் மின்னின. ஒவ்வொருவரும் தன் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்துக் கை காட்டினார்.

நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் புள்ளிகள் தூங்கின. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நான் ஒரு வாரம் உட்கார்ந்து பழகிய தாவலை ஒருவரும் கவனிக்கவில்லை. அவசரத்தில் தவறிப்போய் நடுவில் விட்ட ஒரு நொடி மௌனத்துக்கு எல்லாப் புள்ளிகளும் எகிறின. சுவரோரம் சும்மா நிற்கும் அம்மாக்களுக்கு மெதுவான நாகஸ்வரத்தின் கீழே கனத்த பேஸ் ஓடினால் பிடிக்கிறது. இதை வேறு எப்படியும் நான் கண்டுபிடித்திருக்க முடியாது. அடுத்து என்ன போடப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் நின்றேன். சுகமாக இருந்தது. லோகநாதன் அங்கிள் டீயை மறந்துவிட்டார்.

இரண்டாவது முறை, வெள்ளியங்கிரி அங்கிளின் புள்ளி நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்கியது. அவர் மனைவி சரசு அக்கா அதைச் சுவரில் பார்த்துவிட்டு, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போனார். நல்லவேளை, மாத்திரையோடு போயிற்று. இனி ஆட வேண்டாம், உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபார்ட்மெண்டே பாயைக் கும்பிட்டது. சுவர் எப்போதும் எரிய வேண்டும் என்று லோகநாதன் அங்கிள் சங்கக் கூட்டத்தில் தீர்மானமே போட்டுவிட்டார்.

மூன்றாவது முறை ரூபிணி. காலேஜ் இரண்டாம் ஆண்டு, என்னை மாதிரியே அதிகம் பேசாதவள். நாலாம் மாடிப் பையன் ஒருவன் தண்ணீர் குடிக்க அவளைக் கடந்து போனான். அவள் புள்ளி துள்ளியது. யாரோ சிரித்தார்கள். "தம்பி, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா," என்று ஒருவர் அவனைத் திரும்ப அனுப்பினார். மறுபடி துள்ளியது. "எனக்கும்," என்றார் இன்னொருவர். அவள் அம்மா சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

நான் சுவரை அணைத்தேன். அது இன்னும் மோசமானது. ஆட்டம் நின்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க லிஃப்டில் ஒரே கேள்வி. "அணைச்சியே, என்னத்தக் கண்டே? யாருக்கு என்ன?" கதைகள் மாடிக்கு ஒன்றாகக் கிளம்பின. அணைப்பதும் ஒரு அறிவிப்புதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ரூபிணி அதற்குப் பிறகு ஹாலுக்கு வரவில்லை.

"திருப்பிக் கொடுத்துரலாம்னு இருக்குது நங்கை," என்றேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். என் நங்கை பெயர் தரணி.

"பாய் என்ன பண்ணுச்சு?" என்றாள் நங்கை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "சிரிச்சது மனுசங்கதான அம்மிணி. நம்மளப் பத்தி ஒன்னு கிடைச்சாப் போதும், மாடி மாடியாப் போயிரும்."

அவளுக்கு அது தெரியும். இரண்டு முறை கரு உண்டாகித் தங்காமல் போயிருந்தது. இரண்டு முறையும் சிபி அண்ணன் சந்தோஷம் தாங்காமல் உடனே மாடி மாடியாக மைசூர்பா கொடுத்துவிட்டான். பிறகு அதே மாடிகளிலிருந்து ஆட்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். "போனதக்கூடத் தாங்கிக்கிட்டேன்," என்று நங்கை ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டுக் குடுத்தேன் பாரு, அதுதான் தாங்கல."

*

பாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த மாத ஞாயிறு நல்ல கூட்டம். வெள்ளியங்கிரி அங்கிள் பாய்க்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் நடுவில். நங்கையும் வழக்கமாக அங்கேதான் இருப்பாள், எங்கள் ஹாலிலேயே நன்றாக ஆடுகிறவள் அவள்தான். அன்றைக்கு ஜன்னல் பக்கம் ஒரு மூலையில் நின்று லேசாக அசைந்துகொண்டிருந்தாள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

பாய் புதிதாக ஏதாவது கேட்டால், முதலில் என் திரையில் மட்டும் ஒரு சாம்பல் புள்ளி வரும். மிக்ஸர் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டு, இதயம்தான் என்று உறுதியான பிறகு பச்சையாக்கிச் சுவருக்கு அனுப்பும். மூன்றாவது பாட்டில் ஜன்னல் பக்கம் ஒரு சாம்பல் புள்ளி வந்தது. மிகச் சின்னது. மிக வேகம், நிமிடத்துக்கு நூற்று அறுபது போல.

யாராவது நாய்க்குட்டியைக் கொண்டுவந்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. அங்கே நங்கை மட்டும்தான். யாருக்கோ வழிவிட அவள் இரண்டு அடி நகர்ந்தாள். சாம்பல் புள்ளியும் இரண்டு அடி நகர்ந்தது.

சோதனைக்கூடத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரிய மோட்டாரின் ஓட்டத்துக்கு உள்ளே, தனி வேகத்தில், சின்னதாக இன்னொன்று ஓடும். இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும்.

என் கை ஃபேடர் மேலேயே நின்றுவிட்டது.

நங்கை யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் கூச்சல் போட்டு ஆடிக்கொண்டிருக்கும் அண்ணனிடமும் சொல்லியிருக்க மாட்டாள், சொல்லியிருந்தால் இந்நேரம் மைசூர்பா வந்திருக்கும். அவள் மறைத்து வைத்திருப்பதை இன்னும் சில நிமிடங்களில் மிக்ஸர் சுவரில் போட்டுவிடும். நின்றவர் ஒருவர், புள்ளி இரண்டு. புரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

சுவரை அணைத்தால் எல்லோரும் திரும்புவார்கள். பாட்டை நிறுத்தினால் மிக்ஸருக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும். நங்கையைக் கூப்பிட்டு, வரும் வழியிலேயே அது பச்சையாகிவிட்டால், எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நடந்து வரும்.

மிச்சம் இருந்தது பாட்டுதான்.

ஒரே வேகத்தில் பல பம்புகள் ஓடினால், அவற்றில் சின்னதை மட்டும் தனியே பிரித்துக் கேட்க முடியாது. எங்கள் சோதனைக்கூடத்திலேயே முடியாது. சுற்றியிருக்கிற எல்லா இதயங்களும் அந்தக் குழந்தையின் வேகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் போதும்.

ஓடிக்கொண்டிருந்த பாட்டை முடிக்கவிடாமல் ஜமாப்பை இறக்கினேன். எங்கள் பக்கத்து நோம்பிகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், அடிக்கிற மேளக்கூட்டம் அது. கேட்டால் கோயம்புத்தூர்க்காரர்களின் கால் நிற்காது. ஒரு நோம்பியில் நானே பதிவு செய்து வைத்திருந்தேன், என்றைக்கோ ஒரு நிமிடம் அலங்காரமாகச் சேர்க்கலாம் என்று. அதை முழுசாகத் திறந்துவிட்டேன். அதன் கீழே பேஸ். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

ஹால் கத்தியது. புள்ளிகள் நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று ஏறின. சாம்பல் புள்ளியின் ஓரம் பச்சை பூக்க ஆரம்பித்திருந்தது.

இன்னும் ஏற்றினேன்.

"பிரதீபா!" லோகநாதன் அங்கிள் வேர்வையில் குளித்திருந்தார். "எங்களக் கொல்லப் பாக்கறியா?"

"முடியலீனா உக்காந்துக்குங்க அங்கிள்."

"யாரு? நானா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரும்பக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மிக்ஸர் திரையில் எச்சரிக்கை வந்தது. ஒரே வேகம் நீண்டுவிட்டது, சலிப்பு வரும், மாற்று. அது சொன்ன பாட்டு மெதுவானது. தள்ளிவிட்டேன். மறுபடி சொன்னது. மறுபடி தள்ளினேன். ஒரு தொகுப்பில் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அன்றைக்குச் செய்தேன். மூச்சுவிட இடமில்லாமல், மேலே மேலே, ஒரே அடி.

ஆனால் சலிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். யாரும் சுவரைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. சுவரோர அம்மாக்கள் சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். புள்ளிகள் நூற்று ஐம்பதைத் தொட்டன. சுவர் முழுக்க ஒரே பச்சைப் படபடப்பு.

சாம்பல் புள்ளி மங்கியது. ஒருமுறை திரும்ப வந்தது. பிறகு மிக்ஸர் அதைக் கைவிட்டது.

வேகத்தைக் குறைத்தால் அது மறுபடி கேட்டுவிடும். அதனால் குறைக்கவே இல்லை. உச்சத்திலேயே வெட்டி நிறுத்தினேன். சுவரையும் அணைத்தேன். பாட்டே முடிந்தபின் அதை யாரும் கேட்கப்போவதில்லை.

ஒரு நொடி மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு விசில்.

"வெளிய சுக்குக் காபியும் பணியாரமும் இருக்குதுங்க," என்று மைக்கில் சொன்னேன். என் குரலை அவர்கள் அதற்குமுன் கேட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு புல்வெளிக்குப் போனார்கள்.

*

ஜன்னல் வழியே மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. பாயை ஒரு முனையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தேன். நங்கை தட்டில் இரண்டு பணியாரத்தோடு வந்தாள்.

"என்ன அம்மிணி, இன்னைக்கு இப்படி அடிச்சுட்டே? நீ மாத்தி மாத்தித்தான போடுவே."

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்கு அது வராது.

"பாய்ல கேட்டுச்சுங்க நங்கை."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார் பாத்தாங்க?"

"நான் மட்டும்தான். சுவர்ல வரல. வர்றதுக்குள்ள..." மேளத்தைக் காட்டுவது போலக் கையை ஆட்டினேன்.

"அதுக்குத்தானா?" அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "லோகநாதனுக்கு நாளைக்குக் கால் எந்திரிக்காது." பிறகு, "மாமாவுக்குக்கூட இன்னும் சொல்லல," என்றாள். அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நானும் சொல்ல மாட்டனுங்க. யார்கிட்டயும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. தட்டை மேசையில் வைத்தாள்.

"என்ன கேட்டுச்சு?"

எனக்குப் புரியவில்லை. "அதாங்க நங்கை. துடிப்பு."

"துடிக்குதா?"

அவளைப் பார்த்தேன். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"ஸ்கேனுக்கு வரச் சொல்லி எப்பவோ சொல்லிட்டாங்க," என்றாள். "நான் போகல. போன தடவை அந்த ரூம்லதான் டாக்டரம்மா பேசிட்டே இருந்தவங்க பேச்ச நிறுத்துனாங்க. அப்பறம் திரைய அவுங்க பக்கமாத் திருப்பிக்கிட்டாங்க. எனக்கு அந்தத் திரும்பறதுதான் கண்ணுலயே இருக்குது அம்மிணி. போகாம இருக்கற வரைக்கும் இருக்குதுன்னு நெனச்சுக்கலாமில்ல? தினமும் அப்படித்தான் நெனச்சுட்டு இருக்கறேன்."

மாலை முழுக்க ஊர் பார்த்துவிடாமல் நான் மறைத்தது, அவளே இன்னும் பார்க்காத ஒன்றை.

சுருட்டிய பாயைத் திரும்ப விரித்தேன். மிக்ஸரைப் போட்டேன். திரையைக் கழற்றி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"நில்லுங்க நங்கை. ஆட வேண்டாம். சும்மா நில்லுங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அவளுடைய பச்சைப் புள்ளி வந்தது. படபடத்தது. வேறு எதுவும் இல்லை.

"இது நான்," என்றாள்.

"ஆமாங்க."

"அப்பறம்?"

"கொஞ்சம் பொறுங்க. அது பொறுமையாத்தான் கேக்கும்."

வெளியே யாரோ பணியாரத்துக்குச் சட்னி இல்லையென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நங்கை கண்ணை மூடிக்கொண்டாள். நான் திரையையே பார்த்தேன். அவ்வளவு கூட்டத்தின் நடுவே கேட்டது, இப்போது யாருமில்லாத ஹாலில் கேட்காமல் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனதுக்குள் நொடிகளை எண்ணினேன்.

சாம்பல் புள்ளி வந்தது.

"கண்ணத் திறங்க நங்கை."

அவள் திறந்தாள். குனிந்தாள். திரையைத் தொடப் போன விரலை, தொட்டால் போய்விடுமோ என்பது போலப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதா?"

"இதுதானுங்க."

"இத்தனை வேகமா ஓடலாமா?"

"இந்த வயசுல அப்படித்தான் ஓடணுமுங்க."

அது பச்சையாக மாறும்வரை அவள் குனிந்தபடியே நின்றாள். மாறிய பிறகும் அவள் கால் நகரவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"நாளைக்கு ஸ்கேனுக்குப் போறேன்," என்றாள். "நீயும் வர்றியா?"

"லீவு போட்டுர்றனுங்க."

வாசலில் அண்ணனின் குரல் கேட்டது. "தரணி! காபி ஆறுது. ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?"

நான் திரையை அணைக்கக் கை நீட்டினேன். நங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா," என்று கூப்பிட்டாள். "செருப்பக் கழட்டிட்டு வாங்க."

அண்ணன் காபி டம்ளரோடு வந்து, வெறுங்காலோடு அவள் பக்கத்தில் நின்றான். திரையைப் பார்த்தான். நான் பாய்க்கு வெளியே இருக்கிறேனா என்று என் காலைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"பிரதீபா, உன்ற மெசின் தப்பாக் காட்டுது புள்ள. நிக்கறது நாங்க ரெண்டு பேருதான?"

நங்கை அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இல்லீங்க மாமா," என்றாள். "சரியாத்தான் காட்டுது."